உங்கள் படுக்கையருகே ஒரு தேர்வு

எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் தங்கியிருப்போரும் அவர்களுக்குத் துணையாக இருப்போரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காலையிலேயே பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எக்ஸ்-ரேயும் எடுத்தாயிற்று. பிறகு எதற்காக இந்தச் சின்ன டாக்டர் வந்து, எப்போது விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறார்?" கேள்வி நியாயமானதே. வலியோடு படுத்திருப்பவருக்கு ஒரே செய்தியை மூன்றாம் முறை சொல்வது எளிதன்று.

நீங்கள் சின்ன டாக்டர் என்று அழைக்கும் அவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற முழுத் தகுதியுள்ள மருத்துவர். எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை நிபுணராவதற்குரிய முதுநிலைத் தேர்வுக்கு அவர் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். அந்தத் தேர்வில் ஒரு பகுதியைப் புத்தகத்தைப் படித்து எழுதிவிடலாம். மற்றொரு பகுதியை நோயாளி ஒருவரின் படுக்கையருகே நின்றுதான் எழுத இயலும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வரும் உங்களுக்கு அத்தேர்வில் உள்ள பங்கு என்ன, உரிமை என்ன, அதனால் உங்களுக்கு விளையும் பயன் என்ன என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள்

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். அடுத்து முதுநிலைப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு வருகிறது. 200 வினாக்களுக்கு மூன்றரை மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். அதில் பெறும் தரவரிசையே யார் எந்தத் துறையில் சேரலாம் என்பதை முடிவு செய்கிறது. எலும்பு மூட்டுத் துறை கிடைத்தவர் மூன்று ஆண்டுகள் பயின்று எம்.எஸ். தேர்வை எழுதுகிறார். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஒருவர் இத்துறையில் நிபுணராக வெளிவரக் குறைந்தது எட்டரை ஆண்டுகள் ஆகின்றன.

மருத்துவர்களின் பெயர்ப்பலகையில் நீங்கள் காணும் எழுத்துகளின் பொருளையும் அறிந்துகொள்வது நல்லது. எம்.எஸ். (ஆர்த்தோ) என்பது பல்கலைக்கழகப் பட்டம். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கு இத்தேர்வைச் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் தன் மாணவர்களுக்குத் தானே தேர்வு நடத்துகிறது. டி.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் தகுதி. டி.ஆர்த்தோ என்பது இரண்டு ஆண்டுப் பட்டயம். மூத்த மருத்துவர்கள் பலர் இதைப் பெற்றிருப்பார்கள். எஃப்.ஆர்.சி.எஸ். என்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள அறுவைச் சிகிச்சைக் கல்லூரிகளின் தகுதி. நம் மாநிலத்தில் பணிபுரியும் மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். அவ்வாறு சரிபார்ப்பதை எந்த மருத்துவரும் அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

தேர்வு நாளில் நடப்பது

எழுத்துத் தேர்வு நான்கு தாள்கள் கொண்டது. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். எலும்பு எவ்வாறு வளர்கிறது, முறிந்தால் எவ்வாறு கூடுகிறது, நரம்பு எந்த வழியே ஓடுகிறது என்பன போன்ற அடிப்படை அறிவு ஒரு தாளில் கேட்கப்படும். துறையின் அண்மைக்கால வளர்ச்சிகள் இன்னொரு தாளில் இடம்பெறும். இதற்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே மாணவர் தம் ஆய்வேட்டை எழுதி ஒப்படைத்திருக்க வேண்டும். பகலில் புறநோயாளிப் பிரிவு, இரவில் விபத்துப் பிரிவு, இடையில் அறுவை அரங்கு என்ற பணிகளுக்கு நடுவேதான் இந்தப் படிப்பு முழுவதும் நடக்கிறது.

எழுத்துத் தேர்வுக்குப் பின் செய்முறைத் தேர்வு. தேர்வாளர்கள் நால்வர் இருப்பார்கள். அவர்களுள் இருவரேனும் வெளியிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும். மாணவரிடம் நோயாளி ஒருவரை ஒப்படைத்து, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தருவார்கள். இதை 'லாங் கேஸ்' என்கிறோம். அந்நேரத்துக்குள் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, தம் முடிவைத் தேர்வாளர்கள் முன் சொல்ல வேண்டும். எக்ஸ்-ரே படம் வழக்கமாக முதலில் காட்டப்படுவதில்லை. படம் இல்லாமலே கண்ணாலும் கையாலும் நோயை எவ்வளவு தூரம் அறிய முடிகிறது என்பதே சோதனை. அடுத்து 'ஷார்ட் கேஸ்'. சில நிமிடங்களில் ஒரு மூட்டையோ ஒரு நரம்பையோ மட்டும் பரிசோதிக்க வேண்டும். இறுதியில் வாய்மொழித் தேர்வு. மேசைமீது எலும்புகள், எக்ஸ்-ரே படங்கள், அறுவைக் கருவிகள், உலோகத் தகடுகள், செயற்கைக் கால்கள் ஆகியவற்றைப் பரப்பிவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

பார்த்தல், தொடுதல், அசைத்தல்

உலகெங்கும் எலும்பு மூட்டு மாணவர்கள் ஒரே வரிசையில் பரிசோதிப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பிர்ஃபோர்டு என்ற ஊரிலிருந்த மருத்துவமனையில் ஆலன் ஆப்லி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் பணியாற்றினார். எஃப்.ஆர்.சி.எஸ். தேர்வுக்கு ஆயத்தமாகும் மருத்துவர்களுக்காக 1940களின் இறுதியில் அவர் அங்கு வகுப்புகளைத் தொடங்கினார். அவ்வகுப்புகளின் குறிப்புகளிலிருந்து உருவான நூல் 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்றும் எங்கள் மாணவர்களின் மேசைமீது அது இருக்கிறது. முதலில் பார், பிறகு தொடு, பிறகு அசை என்பதே அதன் வழிமுறை. எளிமையாகத் தோன்றினாலும் இந்த வரிசையை மாற்றினால் நோயாளிக்கு வலிக்கும். வலி தொடங்கியபின் அவர் உடல் இறுகிவிடும், பரிசோதனை பயனற்றுப்போகும்.

ஆகையால் இளம் மருத்துவர் ஒருவர் உங்கள் காலைத் தொடுவதற்கு முன் சற்று நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் அவர் தயங்குகிறார் என்று எண்ண வேண்டாம். தொடும்போது உங்கள் காலைப் பாராமல் முகத்தைப் பார்த்தால் கவனமின்றி இருக்கிறார் என்றும் எண்ண வேண்டாம். எங்கே வலிக்கிறது என்பதை நோயாளியின் முகமே முதலில் சொல்லும் என்று நாங்கள்தாம் அவருக்குக் கற்பிக்கிறோம். நோயாளியை வலிக்கச் செய்வது தேர்வில் பெருங்குறையாகக் கருதப்படுகிறது.

வேறு சில செய்கைகளும் உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். அளவு நாடாவால் இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்கணுக்கால் வரை இரு கால்களையும் அளப்பார்கள். ஒரு கால் குட்டையாகியிருக்கிறதா என்பதை அறிய. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். இடுப்பைத் தாங்கும் தசைகளின் வலிமையை அறிய. 1895ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்த சோதனை அது. படுக்கவைத்து முதுகுக்கும் படுக்கைக்கும் இடையில் கையை நுழைத்து, நல்ல காலை மார்பை நோக்கி மடக்குவார்கள். நோயுற்ற இடுப்பு மூட்டு நிமிர மறுக்கும் அளவை அறிய. கட்டைவிரலை மேலே உயர்த்தச் சொன்னால், மேற்கை எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு நலமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் எனக் கொள்ளலாம்.

"வீட்டில் எப்படி உட்காருவீர்கள்?"

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பிரிவில் நடந்த பயிற்சித் தேர்வுக்கு, திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து முதியவர் ஒருவர் எங்கள் வேண்டுகோளை ஏற்று வந்திருந்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, கூடாமலே பல மாதங்கள் கழிந்திருந்தன. மாணவர் மிகச் சிறப்பாகப் பரிசோதித்தார். கால் எவ்வளவு குட்டையாகியிருக்கிறது, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்பவற்றைப் பிழையின்றிச் சொன்னார். இடுப்பு மூட்டு மாற்று அறுவையே தக்க சிகிச்சை என்றும் முடித்தார். அப்போது தேர்வாளர், "ஐயா வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்? என்ன வேலை செய்வார்?" என்று கேட்டார். மாணவரிடம் விடை இல்லை.

முதியவரே பேசினார். "தம்பி, அதைக் கேட்பீர்கள் என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. தரையில்தான் சாப்பாடு. கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் களை எடுப்பேன். இந்த ஆபரேஷன் செய்தால் அது முடியுமா, முடியாதா?"

அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையை இன்றைய வடிவில் நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962ஆம் ஆண்டு அவருடைய முறை நடைமுறைக்கு வந்தது. நாற்காலியில் அமர்ந்து உண்ணும் நாட்டில் பிறந்த சிகிச்சை அது. செயற்கை மூட்டு பொருத்தியவர்களிடம், சம்மணமிடுவதையும் குத்துக்காலிடுவதையும் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறோம். மூட்டு நழுவும் அபாயம் உண்டு. வலி நீங்கும், நடை திரும்பும், ஆனால் தரையில் உட்காரும் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இதை அறிந்தபின் சம்மதிப்பதும் அறியாமல் சம்மதிப்பதும் ஒன்றல்ல. அம்முதியவர் எல்லாவற்றையும் கேட்டறிந்து, குடும்பத்தாரோடு கலந்து பேசிய பின்னரே அறுவைக்கு ஒப்புக்கொண்டார். அம்மாணவர் அதன்பின் எந்த நோயாளியிடமும் இக்கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை.

நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் எத்தனை படிகள், கழிப்பறை எவ்வகை, வயல் வேலையா, கடையில் நின்று செய்யும் வேலையா, உடனிருந்து பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பன சிகிச்சையைத் தீர்மானிக்கும் செய்திகள்.

மாணவரும் குடும்பத்தாரும் தவறவிடக் கூடாத ஒரு விடை

வாய்மொழித் தேர்வில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை தெரியாமல் போகலாம். ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாமல் போகக் கூடாது. மாவுக்கட்டுப் போட்ட பிறகு நோயாளிக்கு வலி கூடிக்கொண்டே போனால் என்ன செய்வீர்கள் என்பதே அக்கேள்வி.

முறிந்த இடத்தில் வீக்கம் ஏறும்போது, இறுக்கமான கட்டுக்குள் தசைகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். சில மணி நேரம் அந்நிலை நீடித்தாலே தசைகள் மீட்க இயலாதவாறு பாழாகும். பின்னர் விரல்கள் மடங்கி இறுகி, கை பயனற்றுப்போகும். 1881ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபோல்க்மான் இதை விவரித்தார். இன்றுவரை எலும்பு முறிவுச் சிகிச்சையில் நாங்கள் மிகவும் அஞ்சும் விளைவுகளுள் இதுவும் ஒன்று. முழங்கை அருகே எலும்பு முறிந்த சிறுவர்களிடம் தனிக் கவனம் வேண்டும்.

அறிகுறிகள் இவை: மருந்துக்கும் அடங்காமல் கூடும் வலி, விரல்களை மெல்ல நீட்டினால் தாங்க முடியாத வேதனை, மரத்துப்போதல், விரல்கள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்தோ இருத்தல், விரல்களை அசைக்க இயலாமை. இவற்றுள் முதல் இரண்டு தோன்றினாலே போதும். மற்றவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் இருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் நள்ளிரவானாலும் விபத்துப் பிரிவுக்கு வாருங்கள். "புதுக் கட்டு, அப்படித்தான் வலிக்கும்" என்று யார் சொன்னாலும் விடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.

நம் மாவட்டம் கற்பிக்கும் பாடங்கள்

முதுநிலை மாணவர் எதைக் கற்கிறார் என்பது அவர் பயிலும் ஊரையும் பொறுத்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து செல்கிறது. புதுச்சேரிச் சாலையும் திருவண்ணாமலைச் சாலையும் திண்டிவனத்தில் வந்து சேர்கின்றன. எலும்பு வெளியே தெரியும்படி ஏற்படும் திறந்த காயங்களை எங்கள் மாணவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். அத்தகைய காயத்தில் காலைக் காப்பாற்ற முடியுமா என்பதைக் கணிக்கக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறையைத் தேர்வில் கேட்பதுண்டு. பனை ஏறும்போது தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களையும் இங்கு மாணவர்கள் சந்திக்கிறார்கள்.

ஒரு காலத்தில் எலும்பு மூட்டுத் தேர்வறையில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள் தவறாமல் இருப்பார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக 2011ஆம் ஆண்டு சனவரியில் ஒரு குழந்தைக்கு அந்நோய் ஏற்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு அந்நோய் அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இன்று பயிலும் மாணவர் அந்நோயின் பழைய விளைவுகளை நடுவயதினரிடமும் முதியவர்களிடமும் மட்டுமே காண்கிறார். சொட்டு மருந்து வரிசையில் நின்ற தாய்மார்கள் தேர்வின் பாடத்தையே மாற்றிவிட்டார்கள்.

நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு, கூடாத எலும்போடும் கோணலாகக் கூடிய எலும்போடும் வருபவர்களும் உண்டு. அவர்களை இகழ்ந்து பேசக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். தேர்வு மேசைமீது வைக்கப்படும் தாமஸ் ஸ்பிளின்ட் என்ற கம்பிச் சட்டத்தை வார்டில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதை உருவாக்கிய லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ், வழிவழியாக எலும்பு கட்டும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் கைத்திறனோடு மருத்துவக் கல்வியையும் அவர் சேர்த்துக்கொண்டார். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் பலரின் உயிரைக் காத்தது அச்சட்டமே. உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றுதான்: எங்குக் கட்டுப் போட்டிருந்தாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். என்று விழுந்தீர்கள், என்று கட்டினீர்கள், எத்தனை முறை பிரித்துக் கட்டினார்கள் என்பவை சிகிச்சைக்குத் தேவையான செய்திகள்.

2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விதியின்படி, முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். பெருநகரக் கல்லூரியில் பயில்பவரும் நம்மைப் போன்ற மாவட்டத்து மக்களின் வாழ்வை நேரில் அறிந்துகொள்ள இதனால் வழி பிறந்திருக்கிறது.

"பயிலும் டாக்டரா எனக்கு ஆபரேஷன் செய்வார்?"

இந்த அச்சம் இயல்பானது. மாணவர் ஒவ்வொரு அறுவையையும் முதலில் உடனிருந்து பார்க்கிறார். பிறகு உதவி செய்கிறார். பிறகு மூத்தவர் அருகில் நிற்க, அவர் வழிகாட்டுதலில் செய்கிறார். எந்த அறுவையில் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பணிப்பதிவேட்டில் குறித்து ஆசிரியரிடம் கையொப்பம் பெற வேண்டும். உங்கள் சிகிச்சைக்குப் பொறுப்பேற்பவர் மூத்த மருத்துவரே. அறுவையை யார் செய்வார், யார் உடனிருப்பார் என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் உரிமை.

உங்கள் சம்மதம்

தேர்வுக்கோ பயிற்சிக்கோ உங்களைப் பரிசோதிக்க விரும்பினால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் ஏற்படக் கூடாது, ஏற்படாது. ஒப்புக்கொண்ட பிறகு நடுவில் வேண்டாம் என்று நிறுத்தவும் செய்யலாம். வலித்தால் உடனே சொல்லுங்கள். மறைப்புத் திரை வேண்டும் என்று கேளுங்கள். பெண்களைப் பரிசோதிக்கும்போது பெண் செவிலியரோ உறவினரோ உடனிருக்க வேண்டும். உங்களைக் கேளாமல் கைப்பேசியில் படம் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

வெளியூரிலிருந்து தேர்வுக்காக வருபவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம். பயணச் செலவையும் உணவையும் பிரிவினரே கவனிக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். வேளை தவறாமல் உண்ணுங்கள். தேர்வு முடியட்டும் என்று பசியோடு இருக்க வேண்டாம். பழைய எக்ஸ்-ரே படங்களையும் அறுவைக் குறிப்புகளையும் எடுத்துவாருங்கள்.

"எனக்கு என்ன நோய் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடலாமா? பாவம், வியர்த்துக் கொட்டுகிறதே" என்று நோயாளிகள் சிலர் எங்களிடம் இரக்கத்தோடு கேட்பதுண்டு. நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்ந்ததையும் உங்களால் இப்போது என்ன செய்ய முடிகிறது, என்ன செய்ய முடியவில்லை என்பதையும் உள்ளபடி சொன்னால் போதும். நோயின் பெயரை அதிலிருந்து கண்டுபிடிப்பது அவர் வேலை.

இன்று உங்கள் முழங்காலைத் தொட்டுக் கற்பவர், நாளை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நள்ளிரவில் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் வேறொருவரின் காலைக் காப்பாற்ற வேண்டியவர். அடுத்த முறை அவர் உங்கள் படுக்கையருகே வந்து நின்றால், அவர் பெயரையும் எந்த ஆண்டு மாணவர் என்பதையும் கேளுங்கள். உங்களுக்கு முடிந்தால் அரை மணி நேரம் கொடுங்கள். முடியாத நாளில் பிறகு வரச் சொல்லுங்கள். உங்களுக்கு இருக்கும் ஐயங்களையும் அவரிடமே கேளுங்கள். அவற்றுக்கு எளிய தமிழில் விடை சொல்லப் பழகுவதும் அவருடைய படிப்பில் அடங்கியதே.